சாவி கேட்டு நச்சரிக்கும் பெட்டகம்

(இரண்டாம் ஆண்டு, கணிப்பொறிப் பொறியியல் பிரிவு)



ஒரு டிப்ளமோ மாணவனிடம் இன்று எத்தனை பாஸ்வேர்டு இருக்கிறது என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். மின்னஞ்சலுக்கு ஒன்று, தேர்வு முடிவு பார்க்க ஒன்று, கல்வி உதவித்தொகைக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று. பத்து விரலும் போதாது. இது நம்முடைய கணக்கு மட்டும். நம்மில் பலர் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். அப்பாவின் வங்கிக் கணக்கு, அம்மாவின் கேஸ் பதிவு, தங்கையின் பள்ளி விண்ணப்பம் என்று எல்லாவற்றுக்கும் வீட்டின் கணக்குப்பிள்ளை நாம்தான். "நீதான் படிச்சவன், நீயே பார்த்துக்கோ" என்று ஃபோனை நம் கையில் கொடுத்து விடுகிறார்கள்.

இத்தனையையும் மனதில் வைத்துக்கொள்ள முடியுமா? முடியாது. அதனால்தான் பாஸ்வேர்டு மேனேஜர் என்ற ஒன்று வந்தது. எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரு பெட்டகத்தில் போட்டுப் பூட்டி, அதற்கு ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளலாம். கேட்கவே இனிக்கிறது! ஆனால் பயன்படுத்திப் பார்த்தவர்கள் சொல்லும் குறை ஒன்றுதான்: "சும்மா சும்மா பூட்டிக்குதுடா!" ஃபோனில் திறந்தால் பிரௌசரில் பூட்டியிருக்கிறது. பிரௌசரில் திறந்து, டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடியும் பூட்டு. இது எதனால்? இதற்கு என்ன வழி? இவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தவரை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பாஸ்வேர்டு வந்த கதை

1961-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ தலைமையில், ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பு செயல்விளக்கம் செய்து காட்டப்பட்டது. பலர் பயன்படுத்தினால் அவரவர் கோப்பு அவரவருக்கே தெரிய வேண்டுமல்லவா? அதற்காக அதில் ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தார்கள். 1962-லேயே முதல் திருட்டும் நடந்துவிட்டது! தனக்கு ஒதுக்கிய கணிப்பொறி நேரம் போதாத ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், பாஸ்வேர்டு கோப்பு முழுவதையும் அச்சடித்து எடுத்துக்கொண்டார். பட்டியலை அப்படியே திறந்தபடி வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே முதல் பாடம்.

பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் மென்பொருள்கள் பிற்பாடு வந்தன. 1997-இல் புரூஸ் ஷ்னையர் என்ற நிபுணர் 'பாஸ்வேர்டு சேஃப்' என்ற ஒன்றை வெளியிட்டார். 2003-இல் 'கீபாஸ்' வந்தது. 2016-இல் 'பிட்வார்டன்' வந்தது. கீபாஸும் பிட்வார்டனும் காசு கொடுக்காமலே பயன்படுத்தக் கிடைப்பவை என்பதால் நம்மைப் போன்ற மாணவர்களுக்கு ஏற்றவை. இக்கட்டுரையில் உதாரணத்துக்குப் பிட்வார்டனை எடுத்துக்கொள்கிறேன்.

பெட்டகத்தின் உள்ளே நடப்பது என்ன?

நாம் மாஸ்டர் பாஸ்வேர்டை டைப் செய்தவுடன் மென்பொருள் அதை அப்படியே சாவியாகப் பயன்படுத்துவதில்லை. அதை ஒரு கணித அரைவையில் போட்டு லட்சக்கணக்கான தடவை அரைக்கிறது. பி.பி.கே.டி.எஃப்.2 என்று அதற்குப் பெயர். 2023-இல் பிட்வார்டன் தன் புதிய கணக்குகளுக்கு இந்த எண்ணிக்கையை 6,00,000 ஆக உயர்த்தியது. நமக்கு ஒரு நொடி தாமதம், அவ்வளவுதான். ஆனால் லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளை முயன்று பார்க்கும் திருடனோ ஒவ்வொரு முயற்சிக்கும் 6,00,000 தடவை அரைத்தாக வேண்டும். அவன் வேகம் அங்கேயே படுத்துவிடும்.

இப்படி அரைத்து வரும் சாவியால்தான் பெட்டகம் திறக்கிறது. அந்தச் சாவி எங்கே இருக்கிறது? நாம் முதலாண்டில் படித்த 'ராம்' நினைவகத்தில் இருக்கிறது. ஹார்டு டிஸ்கிலும், நிறுவனத்தின் சர்வரிலும் இருப்பது பூட்டிய பெட்டகம் மட்டும்தான்.

இப்போது 'பூட்டுவது' என்றால் என்ன என்று புரிந்திருக்கும். பூட்டுவது என்றால் ராமில் இருக்கும் சாவியைத் தூக்கி எறிவது. திறப்பது என்றால் மறுபடியும் மாவை அரைத்துச் சாவி செய்வது. இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகவே விளங்கிவிடும்.

ஏன் அடிக்கடி பூட்டிக்கொள்கிறது?

சாவி ராமில் இருப்பதால், ராமிலிருந்து அது போவதற்கு எத்தனை வழி உண்டோ அத்தனை வழியிலும் பெட்டகம் பூட்டிக்கொள்ளும்.

முதலாவது, நேரக்கெடு. இத்தனை நிமிடம் தொடாமல் இருந்தால் பூட்டு என்று ஒரு கடிகாரம் ஓடுகிறது. இது எல்லோருக்கும் தெரிந்த காரணம்.

இரண்டாவது, ஃபோனே செயலியை மூடிவிடுவது. விலை குறைந்த ஃபோன்களில் ராம் குறைவு. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் இருக்கும் செயலிகளை ஃபோன் ஒவ்வொன்றாக நிறுத்திவிடும். செயலி போனால் சாவியும் போயிற்று! நீங்கள் ஒரு மணி நேரம் என்று கெடு வைத்திருந்தாலும் ஐந்தே நிமிடத்தில் மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்பதற்குப் பல சமயம் இதுதான் காரணம். பழியை மட்டும் பாஸ்வேர்டு மேனேஜர் தலையில் போடுகிறோம்.

மூன்றாவது, பிரௌசரை மூடுவது. பிரௌசரில் இணைத்த நீட்சி, பிரௌசரின் நினைவகத்தில்தான் குடியிருக்கிறது. வீட்டை இடித்தால் குடியிருப்பவன் எங்கே போவான்?

நான்காவது, ஃபோனின் சொந்தச் சட்டம். ஆண்ட்ராய்டு ஃபோனில் 72 மணி நேரத்துக்கு ஒரு முறையாவது கைரேகையை ஒதுக்கிவிட்டுப் பின் எண்ணையோ கோட்டு வடிவத்தையோ கேட்க வேண்டும் என்பது விதி. ஐஃபோனை 48 மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தாலும், ஐந்து முறை தவறாக முயன்றாலும் எண்ணைக் கேட்கும். இரண்டிலும் அணைத்துப் போட்டால் கைரேகை உடனே செல்லாது. இவை எதுவும் பாஸ்வேர்டு மேனேஜரின் வேலை இல்லை.

ஐந்தாவது, பலருக்கும் தெரியாதது. ஃபோனில் புதிதாக ஒரு கைரேகையைச் சேர்த்தால், ஏற்கெனவே கைரேகையோடு பிணைத்து வைத்த சாவியை ஆண்ட்ராய்டு செல்லாததாக்கிவிட முடியும். தம்பி விளையாட்டாகத் தன் விரலையும் பதிந்து வைத்தால், அன்று இரவு உங்கள் பெட்டகம் மாஸ்டர் பாஸ்வேர்டு கேட்கக்கூடும். "நேற்று வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!" என்று தலையைப் பிய்த்துக்கொள்வதில் பயனில்லை. அது உங்களைக் காப்பாற்றத்தான் பூட்டியிருக்கிறது.

ஆறாவது, 'லாக்' வேறு, 'லாக் அவுட்' வேறு. லாக் என்றால் சாவி மட்டும் போகும், பூட்டிய பெட்டகம் அதே கருவியில் இருக்கும், இணையம் இல்லாமலும் திறக்கலாம். லாக் அவுட் என்றால் பெட்டகமே கருவியிலிருந்து அகற்றப்படும். திரும்ப நுழைய இணையம் வேண்டும், மாஸ்டர் பாஸ்வேர்டு வேண்டும், இரண்டாம் கட்ட எண் வைத்திருந்தால் அதுவும் வேண்டும். கெடு முடிந்ததும் இந்த இரண்டில் எதைச் செய்வது என்று அமைப்புகளில் நாமே தேர்ந்தெடுக்கலாம். லாக் அவுட் என்று வைத்துவிட்டு அவதிப்படுபவர்கள் நிறைய.

ஒன்றில் திறந்தால் எல்லாவற்றிலும் திறக்கக் கூடாதா?

நியாயமான கேள்வி. "டேய், பாஸ்வேர்டு எல்லாம் தானா ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் வருது. திறந்ததை மட்டும் ஏன்டா சொல்லிக்க மாட்டேங்குது?" என்று ஹாஸ்டலில் கேட்காதவர் இல்லை.

கருவிக்குக் கருவி போய் வருவது பூட்டிய பெட்டகம். சாவி போவதில்லை. ஒரு கருவியில் திறந்தவுடன் எல்லாவற்றிலும் திறக்க வேண்டுமென்றால் சாவி இணையத்தின் வழியே பயணம் செய்ய வேண்டும். அல்லது நிறுவனத்திடம் ஒரு மாற்றுச் சாவி இருக்க வேண்டும். நிறுவனத்திடம் சாவி இருந்தால் அங்கே நுழையும் திருடனிடமும் சாவி இருக்கும். அதனால்தான் ஒவ்வொரு கருவியும் தன் சாவியைத் தானே செய்துகொள்கிறது. பூட்டும் கெடுவையும் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாகத்தான் வைக்க வேண்டியிருக்கிறது. ஃபோனில் மாற்றினால் லேப்டாப்பில் மாறாது.

இதற்குச் சில சௌகரியங்கள் வந்துள்ளன. பிட்வார்டனில், புதுக் கருவியில் நுழையும்போது, ஏற்கெனவே நுழைந்திருக்கும் ஃபோனில் 'சரி' என்று அனுமதி கொடுக்கலாம். அப்போது அந்தக் கருவியால் மட்டுமே பிரிக்க முடிகிற உறையில் போட்டு, ஃபோன் சாவியை அனுப்பி வைக்கும். 'ஒன்பாஸ்வேர்டு' என்ற மென்பொருளில், ஒரே கணிப்பொறியில் உள்ள செயலியும் பிரௌசர் நீட்சியும் சேர்ந்தே திறக்கும், சேர்ந்தே பூட்டும்.

எரிச்சல் எங்கே கொண்டுபோய் விடும்?

ஒரு கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 25 தடவை பூட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃபோனின் சின்ன எழுத்துப் பலகையில் நீளமான மாஸ்டர் பாஸ்வேர்டை அடிக்க 20 நொடி. மொத்தம் 500 நொடி, அதாவது எட்டு நிமிடம் சொச்சம். நேரம் பெரிசில்லை, எரிச்சல்தான் பெரிசு. பஸ்ஸில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு அடிக்கும்போது ஓர் எழுத்து தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து.

எரிச்சல் வந்தவன் என்ன செய்வான்? மூன்றில் ஒன்றைச் செய்வான். மாஸ்டர் பாஸ்வேர்டைச் சுருக்கிவிடுவான். அல்லது 'எப்போதும் பூட்டாதே' என்று வைத்துவிடுவான். அல்லது "இந்த ரோதனையே வேண்டாம்" என்று எல்லாவற்றுக்கும் தன் பேரும் பிறந்த வருடமும் சேர்த்த பழைய பாஸ்வேர்டுக்கே திரும்பிவிடுவான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்!

முதலாவது ஏன் ஆபத்து என்பதற்கு 2022-இல் நடந்த ஒன்றே சான்று. 'லாஸ்ட்பாஸ்' நிறுவனத்தில் அந்த ஆண்டு ஊடுருவல் நடந்தது. வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களின் நகல் திருடர் கைக்குப் போய்விட்டது என்று டிசம்பரில் அந்நிறுவனமே அறிவித்தது. அவற்றில் இணைய முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன. நகல் கையில் கிடைத்த திருடனை "ஐந்து முறை தவறாக அடித்துவிட்டாய், போ" என்று யாரும் தடுக்க முடியாது. தன் வீட்டில் உட்கார்ந்து, ஆற அமர, ஒவ்வொரு சொல்லாக முயன்று பார்க்கலாம்.

அந்தத் திருடனின் இயந்திரம் நொடிக்கு 10,000 சொற்களை முயலும் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 6 இலக்க எண்ணில் மொத்தம் 10 லட்சம் வாய்ப்புகள். 100 நொடியில் தீர்ந்துவிடும்! குருட்டாம்போக்கில் எடுத்த 8 சிறிய ஆங்கில எழுத்துகள் என்றால் சுமார் 20,882 கோடி வாய்ப்புகள். எட்டு மாதத்தில் முடித்துவிடுவான். 7,776 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து குலுக்கி எடுத்த 4 சொற்கள் என்றால் சுமார் 36 கோடி கோடி வாய்ப்புகள். 11,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! பேரும் பிறந்த வருடமுமா? அதைத்தான் அவன் முதலில் முயல்வான்.

கவனியுங்கள் நண்பர்களே! ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பூட்டிக்கொள்வதால் இந்தத் திருடனுக்கு எந்த நஷ்டமும் இல்லை. பூட்டு தடுப்பது, நம் கருவியைக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆளை. தொலைவிலிருக்கும் திருடனைத் தடுப்பது மாஸ்டர் பாஸ்வேர்டின் நீளம். அடிக்கடி பூட்டுகிறதே என்று மாஸ்டர் பாஸ்வேர்டைச் சுருக்குபவன், சின்னப் பாதுகாப்பை வாங்கப் பெரிய பாதுகாப்பை விற்கிறான். 'பூட்டாதே' என்று வைப்பவனோ, சாவியை வட்டிலேயே விட்டு வைக்கிறான். அப்புறம் கருவி யார் கைக்குப் போகிறதோ அவரே முதலாளி.

தொந்தரவு அதிகமானால் பாதுகாப்பு குறையும் என்பதைப் பெரியவர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்று என்று முன்பெல்லாம் வற்புறுத்துவார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? பழைய சொல்லுக்குப் பின்னால் 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போனார்கள். அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறையில், காரணமின்றிக் குறித்த காலத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்றே எழுதிவிட்டது.

எந்தக் கருவிக்கு எந்தப் பூட்டு?

எல்லாக் கருவிக்கும் ஒரே பூட்டு என்பதுதான் பாதித் தலைவலிக்குக் காரணம். இடம் பார்த்துப் பூட்ட வேண்டும்.

நமக்கு மட்டுமே சொந்தமான ஃபோன்: கைரேகையால் திறக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். கைரேகையே சாவி என்று பலர் நினைக்கிறார்கள். ஃபோனுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்பு சாவியைக் காத்து வைத்திருக்கிறது. விரலைச் சரிபார்த்த பிறகே அதைப் பயன்படுத்த விடுகிறது. விரல் வைத்தால் திறக்கும் என்னும்போது நிமிடத்துக்கு ஒரு தடவை பூட்டினாலும் கவலையில்லை. கூடவே, பேட்டரி சிக்கனப் பட்டியலிலிருந்து இந்தச் செயலிக்கு விலக்குக் கொடுத்துவிடுங்கள். பாதித் தொல்லை தீரும்.

வீட்டுக்கே பொதுவான ஃபோன்: நம்மில் பலர் நிலைமை இதுதான். இங்கே கைரேகை வேண்டாம். ஏனென்றால் ஆண்ட்ராய்டில் பதிந்திருக்கும் எந்த விரலும் திறந்துவிடும். அது உங்கள் விரலா தம்பி விரலா என்று செயலிக்குத் தெரியாது. இதில் பெட்டகத்துக்கென்று தனிப் பின் எண் வைத்து, 'உடனே பூட்டு' என்று கெடு வையுங்கள். ஃபோனின் எண்ணும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. பிட்வார்டனில் ஐந்து முறை தவறாகப் போட்டால் லாக் அவுட் ஆகிவிடும்.

சொந்த லேப்டாப்: கணிப்பொறியின் திரையைப் பூட்டும்போது பெட்டகமும் பூட்டட்டும் என்று வைக்கலாம். இடையில் நிமிடக் கணக்கு வேண்டாம். எழுந்து போகும்போது விண்டோஸ் பொத்தானோடு 'எல்' பொத்தானை அழுத்தும் பழக்கம் மட்டும் கட்டாயம் வேண்டும். பின் எண் வைத்தால், 'மறுபடி தொடங்கும்போது மாஸ்டர் பாஸ்வேர்டு கேள்' என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சாவி அந்தப் பின் எண்ணால் மட்டுமே பூட்டப்பட்டு வட்டில் தங்கிவிடும். 4 இலக்கத்துக்கு மொத்தமே 10,000 வாய்ப்புகள்தான்.

கல்லூரி லேப், பிரௌசிங் சென்டர்: இங்கே பெட்டகத்தைத் திறக்கவே கூடாது. அடிக்கும் எழுத்தையெல்லாம் பதிவு செய்யும் மென்பொருள் அங்கே இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது. இருந்தால், ஒரு தடவை மாஸ்டர் பாஸ்வேர்டை அடித்தாலே மொத்தக் குடும்பத்தின் பெட்டகமும் போயிற்று. ஃபோனில் திறந்து, தேவையான அந்த ஒரு பாஸ்வேர்டை மட்டும் பார்த்து அடியுங்கள். கெட்டாலும் ஒன்றோடு போகும்.

நல்ல மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு ஒரு பகடை போதும்

1995-இல் அர்னால்டு ரெயின்ஹோல்டு என்பவர் 'டைஸ்வேர்' என்ற முறையைச் சொன்னார். பகடையை ஐந்து தடவை உருட்டினால் ஐந்து இலக்க எண் வரும். அந்த எண்ணுக்கு நேரே பட்டியலில் ஒரு சொல் இருக்கும். ஆறின் ஐந்தாம் அடுக்கு 7,776. பட்டியலில் உள்ள சொற்களும் அவ்வளவே. இப்படி நான்கைந்து சொற்களை எடுத்துக் கோத்தால் மாஸ்டர் பாஸ்வேர்டு தயார். நாமாக யோசித்து எடுக்கும் சொல் நம் ஊர், நம் தெய்வம், நமக்குப் பிடித்த நடிகர் என்றுதான் போய் நிற்கும். பகடைக்கு அந்தப் பாசமெல்லாம் கிடையாது.

எடுத்த சொற்களை ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். எழுதி வைக்கலாமா என்று திகைக்க வேண்டாம். இணையத் திருடன் நம் வீட்டுப் பீரோவுக்கு வரப்போவதில்லை. மறந்துவிட்டாலோ, நிறுவனத்தாலும் திறந்து கொடுக்க முடியாது. சாவி அவர்களிடம் இல்லை. உதவித்தொகைக்குக் கடைசி நாளன்று அது தெரிய வந்தால் போவது நம் ஒரு வருடப் படிப்பு! தாள் இருக்கும் இடத்தை அம்மாவிடமும் சொல்லி வையுங்கள். நமக்கு ஏதாவது ஒன்று என்றால், வங்கிக் கணக்கு முதல் கேஸ் பதிவு வரை அவர்களுக்கு வழி தெரிய வேண்டுமல்லவா?

கடைசியாக ஒன்று. நாளைக்கு நம்மில் சிலர் இப்படிப்பட்ட மென்பொருள்களை எழுதும் இடத்துக்குப் போவோம். அப்போது, பூட்டும்போதெல்லாம் 'நேரக்கெடு முடிந்தது', 'ஃபோன் செயலியை நிறுத்தியது', 'புதுக் கைரேகை சேர்ந்துள்ளது' என்று காரணத்தையும் ஒரு வரியில் சொல்ல வையுங்கள். காரணம் தெரிந்தால் எரிச்சல் பாதியாகும். எரிச்சல் குறைந்தால் பூட்டை யாரும் கழற்றி எறிய மாட்டார்கள்.

அதுவரை, இந்த வாரம் ஒரு அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் கருவி ஒவ்வொன்றிலும் கெடுவையும் லாக், லாக் அவுட் தேர்வையும் ஒருமுறை பார்த்துச் சரிசெய்துவிடுங்கள். பூட்டு இருக்கட்டும், எங்கே, எப்போது பூட்ட வேண்டும் என்பதை நாம் முடிவு செய்வோம்!